டயர் கடை மாடியில் எனக்கொரு நாற்காலி

மார்ச் 3, செவ்வாய்

இன்று காலை முழுக்க மெத்தைகளை மோந்து பார்த்தேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, இதுதான் என் உத்தியோகம். கிடங்கில் மழைத் தண்ணீர் புகுந்து சரக்கெல்லாம் பாழ், இன்ஷூரன்ஸ் பணம் வேண்டும் என்று மெத்தைக்காரர் கேட்டிருக்கிறார். தண்ணீர் தானாக வந்ததா, அவராக விட்டாரா என்று நான் போய்ப் பார்த்து எழுத வேண்டும். மழையில் ஊறிய மெத்தை சாக்கடை வாடை அடிக்கும். குழாய்த் தண்ணீரில் ஊறியது வெறும் ஈர நாற்றம்தான். வாசல் பக்கம் இருந்த மெத்தைகளில் சாக்கடை. பின்னால் அடுக்கியிருந்தது பூராவும் குழாய். பதினெட்டு வருடமாக என் காதில் பூச்சுற்ற வராத ஆள் பாக்கியில்லை. இவர் பாவம், மூக்கை மறந்துவிட்டார்.

ஆபீஸுக்குத் திரும்பினால் மேசையில் ஒரு சுற்றறிக்கை. விருப்ப ஓய்வுத் திட்டம். ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுத்து அனுப்பிவைப்பார்களாம். எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு படித்தார்கள். எனக்கு மட்டும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயத்தில் இல்லை.

இங்கே எழுதாமல் வேறெங்கே எழுதுவது. வேலையை விட்டுவிட்டுச் சீட்டாடிப் பிழைத்தால் என்ன?

மார்ச் 4, புதன்

சீட்டு என்றதும் அரசமரத்தடி ஆட்டத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. நான் ஆடுவது போக்கர். கையில் இரண்டு சீட்டு, நடுவில் ஐந்து. நடுவில் இருப்பது எல்லோருக்கும் பொது. கையில் இருப்பது அவரவர் ரகசியம். சீட்டு நன்றாக வந்தால்தான் ஜெயிக்கலாம் என்றில்லை, நமக்கு நல்ல சீட்டு வந்திருக்கிறது என்று எதிராளியை நினைக்க வைத்தாலே போதும், அவர் பயந்து விட்டுவிடுவார். பொய்யைக் கண்டுபிடிக்கிற ஆட்டம். எனக்கென்றே செய்தது.

போன வருடம் கிளப் போட்டியில் நூற்றைம்பது பேருக்கு நடுவில் முதலாவதாக வந்தேன். அந்தப் பணத்தில்தான் சமையலறைக்கு ஓடு பதித்தோம். இரண்டாவதாக வந்தவர் ஒரு மாட்டு டாக்டர். தோற்ற கோபம் துளியும் இல்லாமல் கை கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெரிந்தவர்கள் மட்டும் ஆடுகிற டேபிள் ஒன்று இருக்கிறது, உங்களை மாதிரி ஆள் வந்தால் எங்களுக்குப் பெருமை என்றார். அன்றிலிருந்து ஒரு ஞாயிறு கூட விட்டதில்லை.

மார்ச் 5, வியாழன்

இவரிடம் சொன்னேன். இவர் லிப்ட் மெக்கானிக். எதைச் சொன்னாலும் முதலில் கயிறு தாங்குமா என்று பார்க்கிற ஆள். வீட்டுக் கடன் இன்னும் எத்தனை வருஷம், உடம்புக்கு ஏதாவது வந்தால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு உன் ஆபீஸ் காப்பீடு இருக்காதே, மாசா மாசம் எவ்வளவு வரும் என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு, கூட்டிக் கழிச்சுப் பார்த்தா லாபம்தான் என்றேன். கூட்டிக் கழிச்சுப் பார்த்தியா என்றார். பார்த்த மாதிரிதான் என்றேன்.

மகள் காதில் இது விழுந்துவிட்டது. காலேஜ் படிவத்தில் அம்மாவின் தொழில் என்று ஒரு கட்டம் இருக்கிறதாம், அதில் என்ன எழுதுவது என்று கேட்டாள். இழுத்து ஒரு குட்டு வைக்கலாம் போலிருந்தது. இவர் சிரித்துவிட்டார், அதனால் நானும் சிரித்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை டயர் கடைக்கு விடுமுறை. பக்கவாட்டுப் படியேறினால் மாடியில் ஒரே ஒரு நீளமான அறை. பாதிக்கு டயர் அடுக்கியிருக்கும், மீதியில் பச்சைத் துணி விரித்த மேசை. ரப்பர் வாடை முதலில் குமட்டும், பிறகு பழகிவிடும். என்னோடு சேர்த்து ஏழு பேர்.

ஜன்னலோர நாற்காலி எனக்கு. காற்று வருகிற ஒரே இடம் அதுதான். நான் போவதற்கு எவ்வளவு நேரமானாலும் அதில் யாரும் உட்காரமாட்டார்கள். சர்க்கரை குறைவாக எனக்கு மட்டும் தனி டீ. டாக்டரே கீழே இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டு வருவார். நான் ஜெயித்தால் மேசையைத் தட்டிப் பாராட்டுகிறார்கள். தோற்றால், உங்க ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லை மேடம், சீட்டு வரலை அவ்வளவுதான் என்கிறார்கள். ஆடாமல் கவிழ்க்கிற சீட்டைக் கூட நான் ஒரு தடவை திருப்பிக் காட்டிவிட்டுத்தான் வைப்பேன், இவ்வளவு நல்ல சீட்டை விட்டேன் பாருங்கள் என்று. டாக்டர் உடனே, "அடேயப்பா, நானா இருந்தா விட்டிருக்க மாட்டேன்" என்பார். ஆபீஸில் இத்தனை வருடத்தில் ஒருவர் இப்படி ஒரு வார்த்தை சொன்னதுண்டா?

ஒரே ஒரு ஆள்தான் வாய் திறப்பதில்லை. மௌனி என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். பல வருடமாக இதையே தொழிலாக வைத்திருப்பவர். என்னை ஒரு தடவை கூடப் பாராட்டியதில்லை. பொறாமையாக இருக்கும்.

இன்று கொஞ்சம் போயிற்று. சீட்டு வரவில்லை.

மார்ச் 11, புதன்

அனுப்புதல் பிரிவில் இருக்கிற பெரியவரைச் சீல் சார் என்றுதான் எல்லோரும் சொல்வோம். எந்தக் காகிதம் வெளியே போனாலும் அவர் கையால் ஒரு முத்திரை விழ வேண்டும். விழுகிற சத்தம் இரண்டு மாடி கேட்கும். மனைவி போய் மூன்று வருடம். மகன் வெளியூரில், அபூர்வமாகத்தான் போன் செய்கிறான். நான் ஞாயிறு எங்கே போகிறேன் என்று யாரோ ஊதிவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் சீட்டுக்கட்டோடு வந்து நின்றார். கல்யாணத்துக்கு முன்னால் ரம்மி ஆடுவாராம், போக்கர் சொல்லிக்கொடுங்கள் என்றார். மறுக்க மனசு வரவில்லை. டப்பாவை ஒதுக்கி வைத்துவிட்டு, பாட்டில் மூடிகளைப் பந்தயம் வைத்து ஆடினோம். மனுஷர் முகத்தில் அவர் சீட்டு அப்படியே எழுதி ஒட்டியிருக்கிறது. ராணி வந்தால் புருவம் ஏறுகிறது, ராஜா வந்தால் காதே அசைகிறது.

ஓய்வுத் திட்டத்தில் அவர் கையெழுத்துப் போடப் போகிறாராம். பணத்தை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். தெரியலையே மேடம் என்றார்.

மார்ச் 15, ஞாயிறு

எழுதியே ஆக வேண்டும். மகளுக்குக் காய்ச்சல் என்பதால் இன்று ஆட்டத்தின் நடுவிலேயே கிளம்பிவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் நின்று பையைத் துழாவினால் படிக்கிற கண்ணாடி இல்லை. திரும்பி ஓடினேன். பாதிப் படி ஏறுவதற்குள் எல்லோரும் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். மேலே போய்ப் பார்த்தால் பச்சைத் துணியை மடித்தே வைத்துவிட்டார்கள். என்ன ஆயிற்று, போலீஸா என்று கேட்டேன். டாக்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சிரித்தார்.

"நீங்க போயிட்டா அப்புறம் என்ன மேடம் ஆட்டம்?"

பஸ்ஸில் வரும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் இல்லையென்றால் அங்கே ஆட்டமே இல்லை. இங்கே நான் ஒரு வாரம் லீவு போட்டால் மேனேஜர் கவனிக்கக்கூட மாட்டார். இதற்கு மேல் என்ன யோசனை வேண்டிக்கிடக்கிறது?

மார்ச் 16, திங்கள்

நேற்று நடந்ததை இவரிடம் பெருமையாகச் சொன்னேன். ஸ்குரூ டிரைவர்களைத் துடைத்துக்கொண்டே கேட்டார். நீ போன பிறகு எத்தனை பேர் மிச்சம் என்றார். ஆறு. ஆறு பேர் ஆடலாமா கூடாதா? ஆடலாம், ரெண்டு பேர் கூட ஆடலாம். அப்ப ஏன் எழுந்தாங்க?

என் மேல நாலு பேருக்கு மரியாதை இருந்தா உங்களுக்கு ஏன் வயிறு எரியுதுன்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மனுஷர் பையை மூடிவிட்டு மகளுக்குக் கஞ்சி வைக்கப் போய்விட்டார். சண்டை போட்டாலாவது பரவாயில்லை.

மார்ச் 19, வியாழன்

மரச்சாமான் கடைத் தீ விபத்து. நான் போய் இறங்கியதும் முதலாளி ஓடி வந்தார். எரியாத பகுதியிலிருந்து மெத்தை வைத்த நாற்காலி ஒன்றை எடுத்துப் போடச் சொன்னார். மின்விசிறியை என் பக்கம் திருப்பினார். குளிர்பானத்தை உடைத்து, அவர் கையாலேயே குழலும் போட்டுக் கொடுத்தார். எத்தனை பிள்ளைகள், என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தார். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்கிற முதல் பாடம் இது: போன இடத்தில் நல்ல நாற்காலி போட்டால் உட்காராதே, ஏன் போடுகிறான் என்று பார். நிஜமாகவே கடை எரிந்தவனுக்கு வந்தவள் நிற்கிறாளா உட்கார்ந்தாளா என்று கவனிக்கத் தோன்றாது.

உட்காராமல் நின்றுகொண்டே குழலில் ஒரு வாய் இழுத்தேன். இழுத்தது தொண்டையிலேயே நின்றுவிட்டது.

ஜன்னலோர நாற்காலி. சர்க்கரை குறைவான டீ. உங்க ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லை மேடம்.

முதலாளி பதறிப்போய், என்ன ஆச்சு மேடம், ஐஸ் ஜாஸ்தியா என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கரிக்கட்டைகளைப் போட்டோ எடுக்கப் போய்விட்டேன். என்ன எடுத்தேன் என்று தெரியவில்லை, பாதிப் படத்தில் என் விரல்தான் இருக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

ஏமாந்த சோணகிரி. நான்தான். ஊரெல்லாம் பொய்யை மோந்து பார்க்கிறவளாம். இளிச்சவாய்ன்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டு வாராவாரம் படியேறிப் போயிருக்கேன், அதுவும் நல்ல புடவையா பார்த்துக் கட்டிக்கிட்டு.

இல்லை. ஒருவேளை நான் தப்பாக நினைக்கிறேனோ? நேரில் பார்க்காமல் அறிக்கை எழுதக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

பார்த்துவிட்டேன்.

போனதும் தலைவலி என்றேன், இன்று நான் ஆடவில்லை, நீங்கள் ஆடுங்கள், சும்மா உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன். டாக்டர் மாத்திரை வாங்கி வந்தார், டீ வந்தது. பணத்துக்குப் பதிலாகப் பந்தயம் வைக்கிற வில்லைகளின் பெட்டியை மட்டும் யாரும் திறக்கவில்லை. டயர் விலை ஏறியது பற்றிப் பேசினார்கள். பக்கத்துத் தெருவில் பள்ளம் தோண்டியது பற்றிப் பேசினார்கள். மௌனி பேப்பர் படித்தார். ஆறு பேர், ஒரு மேசை, ஒரு கட்டுச் சீட்டு. பார்க்க ஒரு ஆள் வேறு. இருந்தும் ஒருவரும் ஆடவில்லை. ஒருவர் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும் என்று எழுந்தார்.

சரி, தலைவலி தேவலை, கொஞ்சம் ஆடலாம் என்றேன். அக்கா வீட்டுக்குக் கிளம்பியவர் உட்கார்ந்துவிட்டார். பெட்டி திறந்தது.

இன்னும் ஒன்றே ஒன்று பார்க்க வேண்டியிருந்தது. எனக்கு ஒன்பதும் நாலும் வந்தது, உலகத்தில் உள்ள யாரும் யோசிக்காமல் தூக்கிப் போடுகிற குப்பை. ரொம்ப நேரம் யோசிப்பது போல உட்கார்ந்திருந்துவிட்டு, வழக்கம் போலத் திருப்பிக் காட்டிக் கவிழ்த்தேன்.

"அடேயப்பா, நானா இருந்தா விட்டிருக்க மாட்டேன்" என்றார் டாக்டர்.

மார்ச் 24, செவ்வாய்

ஆபீஸில் மற்றவர்கள் நஷ்டத்தை எப்படிப் போடுவேனோ அதே மாதிரி எனக்கும் போட்டுப் பார்த்தேன். தொகையை இங்கே எழுதமாட்டேன். சமையலறை ஓட்டுக்குப் போக மிச்சம் இருந்ததும் போய், அதற்கு மேலும் போயிருக்கிறது.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் அன்றைக்கே சொல்லவில்லையா என்று ஒரு வார்த்தை வரும், வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தேன். வரவில்லை. "போட்டியில ஜெயிச்சது நிஜம்தானே, அதை யாரும் உனக்கு விட்டுக்கொடுக்கலையே" என்றார். இந்த மனுஷரிடம் போய் வயிறு எரியுதா என்று கேட்டேன் பாருங்கள். மன்னிப்புக் கேட்டேன். எதுக்கு என்றார். மறந்துவிட்டாராம்.

அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. எனக்கு ஆடத் தெரியுமா, தெரியாதா?

மார்ச் 29, ஞாயிறு

தெரியும்.

இந்த வாரம் முழுக்க யோசித்தது இதைத்தான். அவர்கள் என்னை எப்படிப் படித்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு இப்போது தெரியும். கையில் ஏதாவது இருந்தால்தான் இந்த அம்மா பணம் போடும், வெறும் கையில் பூச்சாண்டி காட்டத் தெரியாது, பாராட்டினால் இளகிவிடும். எனக்கு இது தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அதே புடவை, அதே அசட்டுச் சிரிப்போடு போய் உட்கார்ந்தேன்.

முதல் ஒரு மணி நேரம் எதுவும் செய்யவில்லை. காட்டிக் காட்டிக் கவிழ்த்தேன், அடேயப்பா வாங்கிக்கொண்டேன். பிறகு இஸ்பேட்டில் ஆறும் ஏழும் வந்தது. டாக்டரும் நானும் மட்டும் மிச்சம். நடுவில் சீட்டு ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க அவர் போட்டுக்கொண்டே போனார், நானும் விடாமல் போட்டேன். கடைசிச் சீட்டு திறந்தது. எனக்கு ஒன்றும் சேரவில்லை, ஒரு ஜோடி கூட இல்லை. ஆனால் நடுவில் இப்போது மூன்று ஆட்டின். கையில் இரண்டு ஆட்டின் வைத்திருப்பவருக்கு ஐந்தும் ஒரே ஜாதியாகச் சேர்ந்துவிடும், அவருக்குத்தான் ஜெயம். என் முன்னால் இருந்த வில்லைகள் எல்லாவற்றையும் தள்ளினேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். மெத்தைக்காரர், மரக்கடை முதலாளி, காரை இடித்துவிட்டு எதிர் வண்டிமேல் பழி போட்டவர்கள், இத்தனை பேரின் முகத்தை எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பொய் சொல்கிறவன் எங்கே கோட்டை விடுவான் என்று தெரியும். நிறையப் பேசுவான், சீக்கிரம் சிரிப்பான். நான் டீயைக் குடித்தேன்.

அவர் இரண்டு ராஜாக்களைத் திருப்பிக் காட்டிவிட்டுக் கவிழ்த்தார். "ஆட்டின்தானே மேடம்? காட்டுங்களேன்" என்றார். நான் காட்டவில்லை. சீட்டைக் கட்டோடு சேர்த்து உள்ளே தள்ளிவிட்டேன். அறையே கொஞ்சம் மாறிப்போயிற்று. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு தடவை, ஒன்று வெறும் கையில், ஒன்று நிஜமாகவே கனத்த கையில். இரண்டாவதில் அவர்கள் நம்பாமல் வந்து மாட்டிக்கொண்டார்கள். கிளம்பும்போது என் முன்னால் குவிந்திருந்ததை எண்ணுவதற்கு மௌனிதான் உதவினார். நன்றாக ஆடினீர்கள் என்று ஒருவர் கூடச் சொல்லவில்லை. மேசையைத் தட்டவில்லை.

சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 30, திங்கள்

கையெழுத்துப் போடத்தான் போகிறேன்.

ஏப்ரல் 1, புதன்

சீல் சார் கையெழுத்துப் போட்டுவிட்டார். மாதக் கடைசியில் போகிறார். அவர் விண்ணப்பத்துக்கு அவரே முத்திரை குத்தினாராம், சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நீங்களும் போகிறீர்களாமே, ஞாயிற்றுக்கிழமை என்னையும் அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், வீட்டில் எவ்வளவு நேரம்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று கேட்டார். பார்க்கலாம் சார் என்றேன்.

ஏப்ரல் 2, வியாழன்

ஆபீஸ் எதிரில் இருக்கிற டீக்கடைக்கு மௌனி வந்திருந்தார். எனக்காகத்தான். முதல் தடவையாக நன்றாக ஆடினீர்கள் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவர் பார்க்காதது போல இருந்துகொண்டார்.

பேசத் தெரியாதவர் என்று நினைத்திருந்தேன். ரொம்பத் தெளிவாகப் பேசுகிறார். வேலையை விடப்போகிறீர்களாமே என்றார். ஆமாம், தொழிலாகவே செய்யலாம் என்றிருக்கிறேன், போட்டிகளில் ஆடினால் போதாதா என்று கேட்டேன். போட்டியில் வருடம் முழுக்க ஒன்றும் வராமலே போகும், வீட்டுக் கடன் காத்திருக்குமா என்றார். மாசா மாசம் சோறு போடுவது ஞாயிற்றுக்கிழமை டேபிள் மாதிரி இடங்கள்தானாம். அப்படியானால் இனி அந்த டேபிளில் நானும் சமமாக ஆடுகிறேன் என்றேன்.

"ஏழு பேரும் நல்லா ஆடினா யார்கிட்டேர்ந்து வரும்?" என்றார்.

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஆடறது பாதி வேலைதாங்க. ஆள் சேர்க்கிறதுதான் மீதி. டாக்டர் உங்களைக் கூட்டிட்டு வந்தார். உங்களுக்கு முன்னாடி நான் என் மச்சானைக் கூட்டிட்டு வந்தேன்."

மச்சான் இப்போது ஆடுகிறாரா என்று கேட்டேன். ஆடுவதில்லை, பேசுவதும் இல்லை என்றார். அதைச் சொல்லும்போது குரலில் ஒன்றும் இல்லை, டம்ளரை மட்டும் திருப்பித் திருப்பி வைத்தார். ஏமாற்றுகிற ஆளாக எனக்குத் தோன்றவில்லை. சீட்டை யாரும் மாற்றுவதில்லை, கள்ள ஆட்டம் இல்லை, வருகிறவர் தன் இஷ்டப்படி வருகிறார், தன் இஷ்டப்படி தோற்கிறார். போட்டியில் ஆசையாக ஆடுகிற ஒருவரைப் பார்த்து, வீட்டில் நல்லது கெட்டது விசாரித்து, பிடித்த டீ என்ன என்று தெரிந்துவைத்துக்கொள்வது தொழிலில் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

எனக்கு நாற்காலி இருக்கிறதாம். ஒருவரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். நல்ல மனுஷராக, கையில் கொஞ்சம் காசு இருப்பவராக, ஆட்டத்தின் மேல் ஆசை உள்ளவராக.

அவர் சொல்லி முடிப்பதற்கு முன்னாலேயே எனக்கு ஒருவர் முகம் வந்துவிட்டது. வந்திருக்க வேண்டாம்.

ஏப்ரல் 5, ஞாயிறு

சீல் சாரைக் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. துணிகளுக்கு இஸ்திரி போட்டேன். மகளின் படிவத்தில் அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நீ முடிவு பண்ணும்மா, கடைசித் தேதி இருக்கு என்றாள். கிண்டல் இல்லாமல் சொன்னாள்.

எல்லா வேலையிலும்தான் இப்படி. இன்ஷூரன்ஸ் விற்கிறவன் தன் சொந்தக்காரர்கள் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுகிறான். சீல் சாருக்கும் பொழுது போகும், நாலு பேர் சேர்க்கை கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை குளித்து நல்ல சட்டை போட ஒரு காரணம் கிடைக்கும். எனக்குக் கிடைக்கவில்லையா? அந்த ஒரு வருடம் நான் சந்தோஷமாகத்தானே இருந்தேன்?

இப்படியே எழுதிக்கொண்டு போனால் என்னையே நம்பவைத்துவிடுவேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

சாப்பாட்டு நேரத்தில் சீல் சாரோடு ஆடினேன். மூடிகள் எல்லாம் என் பக்கம். அவர் ஒரு ராஜா, ஒரு பத்தோடு ரொம்ப நேரம் தடுமாறிவிட்டு, வேண்டாம் என்று விட்டுவிட்டார். விட்டதோடு நிற்காமல் என்னிடம் திருப்பிக் காட்டினார். சரியா விட்டேனா மேடம் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடேயப்பா" என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது. யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்தது. அவர் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. நான் டப்பாவை மூடிவிட்டேன். கை கழுவுகிற இடத்தில் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

இவ்வளவு சுலபமா? நாளைக்கு டீக்கு எத்தனை கரண்டி சர்க்கரைன்னு கேட்டிருப்பேன். கேட்டிருப்பேன்தானே?

ஏப்ரல் 10, வெள்ளி

கையெழுத்துப் போடவில்லை.

ஐந்து மணிக்கு மேனேஜர் வந்து, கடைசித் தடவையாகக் கேட்கிறேன் என்றார். இல்லை சார் என்றேன். சந்தோஷமாக ஒரு கட்டுக் கோப்புகளைத் தூக்கி என் மேசையில் வைத்தார். போகிறவர்கள் பார்த்த வேலையெல்லாம் இனி இருக்கிறவர்கள் தலையில்.

நல்ல காரியம் செய்த நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வயிற்றெரிச்சலாக இருக்கிறது. ஆடத் தெரியாமல் விட்டிருந்தால் பரவாயில்லை. நன்றாக ஆடத் தெரிந்து விட்டிருக்கிறேன். அந்த மூன்றாவது ஆட்டின் திறந்தபோது எனக்கிருந்த தைரியம், இந்த ஆபீஸில் உட்கார்ந்து எந்த ஜென்மத்தில் வரப்போகிறது? இரவுச் சாப்பாட்டுக்கு நடுவில் அழுதுவிட்டேன். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். இவர், போட்டி நடக்கும்போதெல்லாம் போய் ஆடு, யார் வேண்டாம்னாங்க என்றார். சரி என்றேன். அது வேறு, இது வேறு. இவருக்கும் அது தெரியும்.

ஏப்ரல் 19, ஞாயிறு

டாக்டர் போன் செய்தார். சுகம் விசாரித்தார், மகளின் காய்ச்சலைக் கூட ஞாபகம் வைத்துக் கேட்டார். உங்கள் ஆபீஸில் பணம் வாங்கிக்கொண்டு போகிறவர்களில் ஆட்டத்தில் ஆர்வம் உள்ளவர் யாராவது உண்டா என்றார். யாருக்கும் சீட்டு என்றாலே பிடிக்காது என்றேன். அப்படியா, சரி, பார்க்கலாம் மேடம் என்று வைத்துவிட்டார். இனிமேல் கூப்பிடமாட்டார்.

ஏப்ரல் 30, வியாழன்

சீல் சாருக்கு இன்று கடைசி நாள். மாலையும் கடிகாரமும் கொடுத்தார்கள். மேனேஜர் பேசினார், சீல் சார் பேச எழுந்து இரண்டு வரியில் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கலைந்ததும் நேராக என் மேசைக்கு வந்தார். புதுச் சட்டை. பணம் வந்துவிட்டதாம். ஆட்டத்துக்கென்று கொஞ்சம் தனியாக எடுத்து வைத்திருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு, எங்கே வரணும் என்றார்.

"அந்த ஆட்டம் நின்னுபோச்சு சார்" என்றேன்.

ஏன், என்ன ஆச்சு என்றார். டயர் கடைக்காரர் மாடியைத் தையல் வகுப்புக்கு வாடகைக்கு விட்டுவிட்டார், பதினைந்து மெஷின் போட்டிருக்கிறார்கள், உட்கார இடமில்லை, ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம் என்றேன். அவசரப்படாமல் சொன்னேன். கையில் இருந்த கோப்பை மூடவில்லை, சிரிக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.

"அடடா. உங்களுக்குத்தான் ரொம்பக் கஷ்டமா இருக்கும், பாவம்" என்றார்.

ஆமா சார் என்றேன். அது மட்டும் நிஜம். செவ்வாய்க்கிழமைகளில் சாப்பாட்டு நேரத்துக்கு ஆபீஸுக்கு வாருங்கள், மூடி வைத்து ஆடலாம் என்றேன். வாட்ச்மேன் உள்ளே விடுவானா என்று சந்தேகப்பட்டார். நான் சொல்லி வைக்கிறேன் என்றேன். மாலையைக் கையில் சுருட்டிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நம்பினாரா?"

"நம்பிட்டார்."

"கொஞ்சம் கூடச் சந்தேகம் வரலையா?"

"நான் நல்லா ஆடுவேன்னு உங்களுக்கு எத்தனை தடவை சொல்றது" என்றேன்.